உடல் பருமனும் கர்ப்பகால நடையும்: வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

எனக்கு 29 வயது. உயரம் 156 செ.மீ., எடை 82 கிலோ. இது நான்காவது மாதம். மருத்துவர் தினமும் நடக்கச் சொல்கிறார். நடந்தால் கரு தங்காது என்று மாமியார் பயப்படுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். தொடக்க மாதங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம்களில் உள்ள குறைபாடே காரணம். மிதமான நடையால் கரு கலைவதில்லை. குறைப்பிரசவமோ எடை குறைந்த குழந்தையோ இதனால் கூடுவதாகவும் ஆய்வுகளில் தெரியவில்லை. தடையேதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. முன்பு உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களும் கர்ப்ப காலத்தில் மெதுவாகத் தொடங்கலாம்.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருப்பவர்கள், ரத்தக்கசிவு உள்ளவர்கள், கர்ப்பகால ரத்தக்கொதிப்போடு சிறுநீரில் புரதம் போகிறவர்கள், கடுமையான ரத்தசோகையோ இதயநோயோ உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. உங்கள் மாமியாரின் பயம் உங்கள் மீதுள்ள அக்கறையில் பிறந்தது என்பதால், அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துச் சென்று, மருத்துவர் சொல்வதை நேரில் கேட்கச் செய்யுங்கள்.

நான் நடந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்ன பயன்?

எனக்கு வருகிற கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். உடல் பருமன் உள்ளவர்களின் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் அந்தத் தடையை மேலும் கூட்டுகின்றன. தாயின் ரத்தத்தில் தேங்கும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கிறது, தாயின் இன்சுலின் செல்வதில்லை. வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சின்னஞ்சிறு கணையமே அதிகமாக இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது. அந்த இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிக் குழந்தையின் தோளிலும் வயிற்றிலும் சேர்த்துவிடுகிறது. பிரசவத்தில் தலை வெளிவந்த பிறகு தோள் சிக்கிக்கொள்வதற்கும், சிசேரியன் தேவைப்படுவதற்கும் இது வழிவகுக்கிறது.

பிறந்த பிறகும் சிரமம் தொடரலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலினோ உடனே குறையாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் பிரசவம் பார்த்த ஒரு குழந்தை 4 கிலோவுக்கு மேல் இருந்தது. உறவினர்கள் "கொழுகொழுவென்று இருக்கிறான்" என்று மகிழ்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில், துணிச் சுற்றலுக்குள் அவன் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்ததைச் செவிலியர் கவனித்தார். குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை 40-க்கும் கீழே இருந்தது. உடனே பார்த்ததால் பிழைப்பித்துவிட்டோம். பெரிய குழந்தை என்றால் ஆரோக்கியமான குழந்தை என்ற நம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நடை இங்கேதான் உதவுகிறது. இயங்கும் தசை, இன்சுலினின் துணையில்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ஆகவே சாப்பிட்ட பின் நீங்கள் நடக்கும் 10 நிமிடத்தில், பிள்ளையை நோக்கிச் செல்லவிருந்த சர்க்கரையின் ஒரு பங்கை உங்கள் தொடைத் தசைகள் எடுத்துக்கொள்கின்றன.

இரண்டு மாதமாகத் தவறாமல் நடக்கிறேன். எடை குறையவே இல்லை, 2 கிலோ கூடியிருக்கிறது. வீண்தானா?

வீணில்லை. கர்ப்ப காலத்தில் எடையைக் குறைக்க முயலவே கூடாது. கருத்தரிக்கும் முன் உடல் நிறைக் குறியீட்டெண் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் BMI) 30-க்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒன்பது மாதத்திலும் சேர்த்து 5 முதல் 9 கிலோ வரை கூடுவது போதுமானது என்பது 2009-இல் அமெரிக்காவில் வகுத்த, இன்றும் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. (நம் நாட்டவருக்கு 25-லேயே பருமன் என்று கணக்கிடுகிறோம், அதனால் உங்கள் மருத்துவர் சற்று மாறுபட்ட இலக்கைச் சொல்லலாம்.)

ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பருமனான 1,555 கர்ப்பிணிகளுக்கு உணவு, உடலுழைப்பு ஆலோசனை வழங்கிப் பார்த்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் பெரிய குழந்தைகளின் எண்ணிக்கையும் அதில் குறையவில்லை. ஆனால் தாய்மார்களின் எடை கூடுவது சற்றுக் குறைந்தது, ஆறு மாதக் குழந்தைகளின் தோள்பட்டைக்குக் கீழே அளந்த தோல்மடிப்பும் மெலிந்திருந்தது. சீனாவில் 300 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்விலோ, முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கி வாரம் மூன்று முறை நிலைசைக்கிள் மிதித்தவர்களில் 22 சதவீதம் பேருக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 40.6 சதவீதம் பேருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை வந்தது. ஆலோசனை மட்டும் போதாது, சீக்கிரம் தொடங்கி ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று இவற்றிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். எனவே எடை எந்திரத்தைப் பார்த்து மனம் தளராமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அளவு 140-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்து நிமிடம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, முழங்கால் வலிக்கிறது. வீட்டு வேலை செய்தால் போதாதா?

வீட்டு வேலையும் கணக்கில் சேரும். ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது கால் வீக்கத்தைத்தான் தரும். மூன்று வேளையும் சாப்பிட்ட பின் ஐந்து நிமிடம் நடையில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். மொட்டை மாடியோ கூடமோ எதுவானாலும் போதும், சித்திரை வெயிலில் மட்டும் காலை ஏழு மணிக்குள்ளோ பொழுது சாய்ந்த பிறகோ நடங்கள், தண்ணீர் குடியுங்கள். முழங்கால் தாங்காவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து கைகால்களை அசைக்கும் பயிற்சிகளைச் செய்யலாம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, நெஞ்சு வலி, தலைச்சுற்றல், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும் ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

மனைவிக்கு ஒன்பதாவது மாதம், எடை 94 கிலோ. கர்ப்பகாலச் சர்க்கரையும் இருக்கிறது. பிரசவத்தின்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க ஏற்பாடு செய்யும்படி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குழந்தையின் சர்க்கரை இறங்காமல் காக்கும் முதல் மருந்து சீம்பால்தான். குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை எப்போது பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். பருமனான தாய்மார்களுக்குப் பால் நன்றாகச் சுரக்கச் சில சமயம் ஒரு நாள் தாமதமாகும், அதைப் பால் இல்லை என்று எண்ணிச் சர்க்கரைத் தண்ணீர் புகட்ட வீட்டார் யாரையும் விடாதீர்கள். குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டுச் சப்ப விடுங்கள். சிசேரியனாகவே இருந்தாலும், மருத்துவர் அனுமதித்ததும் அன்றோ மறுநாளோ அவரைக் கைப்பிடித்து நாலடி நடக்க வையுங்கள், காலில் ரத்தம் உறைவதைத் தடுக்க அது உதவும்.