விருதும் இல்லை, ஆய்வுக் கட்டுரையும் இல்லை: ‘தொழில்சார் சாதனைகள்’ பகுதியில் என்ன எழுதுவது?

கேள்வி: நான் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானைச் சேர்ந்தவள். 2009இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தபடி உயர்தரப் பரீட்சை எழுதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் பட்டம் பெற்றேன். ஓர் அரசசார்பற்ற நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். வீட்டுத்தோட்டம், கச்சான் (நிலக்கடலை) செய்கை, பெண்களின் சேமிப்புக் குழு என்று வேலை. 2020 பட்டதாரிப் பயிலுனர் நியமனத்தில் வந்து இப்போது அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். ஒரு விவசாயத் திட்டத்தின் இணைப்பாளர் பதவிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். படிவத்தில் ‘தொழில்சார் சாதனைகள்’ என்று ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறார்கள். கூடப் படித்தவர்களில் சிலர் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டார்கள். எனக்கு விருது இல்லை, கட்டுரை இல்லை. நாங்கள் சொன்ன மாதிரிக் காயவைத்ததால் சில பெண்கள் கச்சானை உடனே கொடுக்காமல் பொறுத்து விற்றார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் எதை எழுதுவது?

பதில்: தங்கச்சி, ‘அவ்வளவுதான்’ என்று முடித்த அந்த வரியைத்தான் முதலில் எழுத வேண்டும்.

பிடுங்கிய கையோடு கச்சானில் ஈரம் நிறைய இருக்கும். செய்கைபண்ணிய பெண்ணால் அதை வைத்திருக்க முடியாது என்று படலைக்கு வரும் வியாபாரிக்குத் தெரியும், அதனால் அவர் சொன்னதுதான் விலை. ஈரத்தோடு சாக்கில் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடொக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. வெறும் நிலத்தில் பரப்பாமல் தறப்பாளில் மெல்லிசாகப் பரப்பி, நாளுக்குச் சில தரம் கிளறி, பின்னேரம் மூடி, கோதைக் காதருகே ஆட்டினால் உள்ளே பருப்புக் கலகலக்கும் பதம் வரும்வரை காயவைத்து, சாக்கை நிலத்தில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கினால் அவவுக்குப் பொறுக்க முடிகிறது. பொறுக்க முடிந்தவவுக்கு விலை பேசவும் முடிகிறது. நான்கு வருடம் படித்த அறுவடைக்குப் பின்னான தொழில்நுட்பம் ஒரு வளவுக்குள் போய்ப் பணமாக மாறியிருக்கிறது. பிரயோகத் துறையில் படித்த ஒருவரின் சாதனை என்று நான் கருதுவது இதைத்தான். கலாநிதிப் பட்டம் பெரிய விடயம். ஆனால் அது வேறு தொழிலின் அளவுகோல், அதை வைத்து உங்களை அளக்காதீர்கள்.

நேர்முகத் தேர்வுகளில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் பக்கத்துப் பட்டதாரிகளின் விண்ணப்பங்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் கடமைப்பட்டியலாகவே இருக்கும். “பயனாளிகளுக்குப் பயிற்சி வழங்கினேன், கூட்டங்களை ஒழுங்குபடுத்தினேன், அறிக்கை சமர்ப்பித்தேன்.” அந்தப் பதவியில் யார் இருந்தாலும் இதைச் செய்துதான் இருப்பார்கள். வாசிப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு: நீங்கள் போகும்போது நிலைமை எப்படி இருந்தது, நீங்கள் எதைத் தீர்மானித்தீர்கள், வரும்போது எப்படி இருந்தது, அதை எதை வைத்து நம்புவது.

“கச்சான் செய்கையாளருக்கு அறுவடைக்குப் பின்னான பயிற்சி வழங்கினேன்” என்று நீங்கள் எழுதக்கூடியதை இப்படி மாற்றலாம்: “இன்ன கிராமத்தில் கச்சானை ஈரத்தோடு வளவிலேயே விற்றுவந்த இத்தனை பெண்களில் இத்தனை பேர் இரண்டு போகங்களுக்குள் காயவைத்துச் சேமித்து விற்கும் நிலைக்கு வந்தனர். கிலோவுக்கு இத்தனை ரூபா கூடுதலாகக் கிடைத்தது. தறப்பாளும் சாக்கும் நிறுவனம் வழங்கியது. உலர்த்தும் முறையைத் தெரிவுசெய்ததும் வளவு வளவாகப் போய்ப் பின்தொடர்ந்ததும் என் பொறுப்பு. ஆதாரம்: மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்ட அறிக்கை, விற்பனைப் பற்றுச்சீட்டுகள்.” ‘இத்தனை’ என்ற இடங்களில் உண்மையான எண்ணைப் போடுங்கள். எண் சிறிதென்று வெட்கப்பட வேண்டாம். பதினொரு பேர் என்றால் பதினொன்று. ‘பல நூறு குடும்பங்கள்’ என்று மங்கலாக எழுதினால் முதல் கேள்வியிலேயே பிடிபடும்.

எண்ணுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நிறுவனம் மூடிவிட்டுப் போயிருக்கலாம், மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் கிராமத்தில் தாள்கள் அவ்வளவு இலகுவில் அழிவதில்லை. மாதர் சங்கத்தின் கூட்ட அறிக்கைக் கொப்பியில் நீங்கள் வந்த திகதியும் பேசிய விடயமும் இருக்கும். சேமிப்புக் குழுவின் வங்கிப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கும். முதல் வைப்பும் கடைசி மீதியும் இரண்டு எண்கள், இடையில் இருப்பது உங்கள் வேலை. கமநல சேவை நிலையத்தில் விதைத்த ஏக்கர்க் கணக்கு இருக்கும். நீங்கள் மாதாமாதம் கொடுத்த முன்னேற்ற அறிக்கையின் பிரதி உங்கள் பழைய மின்னஞ்சலின் ‘அனுப்பியவை’ பகுதியில் கிடக்கலாம், இன்றைக்கே தேடிப் பாருங்கள். திட்டம் முடியும்போது வெளியாரைக் கொண்டு செய்த மதிப்பீட்டு அறிக்கை இருந்தால் அதுதான் மிக வலுவான ஆதாரம், ஏனென்றால் அதை எழுதியவர் நீங்கள் இல்லை. இப்போதைய அரச வேலையில் உங்கள் நாட்குறிப்பும், முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் மாத வேலைத்திட்டமான முன்னோடி நிகழ்ச்சித்திட்டமும் இருக்கின்றன. அவற்றை மாத முடிவில் கையெழுத்துக்காக மட்டும் நிரப்பாமல், “இன்று என்ன மாறியது” என்று ஒரு வரி சேர்த்து எழுதி வாருங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு இப்படித் தேடி அலைய வேண்டி வராது.

எல்லாவற்றிலும் கடினமானது உங்கள் பங்கைச் சரியாகச் சொல்வது. வன்னியில் விளைச்சல் கூடினால் அதற்கு உரிமை கோரப் பலர் இருப்பார்கள். மழை, குளம், நீர்ப்பாசனத் திணைக்களம், விதை கொடுத்தவர், கமக்காரர் அமைப்பு, கடைசியில் வெயிலில் நின்ற கமக்காரர். இரணைமடுக் குளத்தில் எத்தனை ஏக்கருக்குச் சிறுபோகத் தண்ணீர் என்று முடிவெடுப்பது கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம், வெளிக்கள உத்தியோகத்தர் இல்லை. ஆகவே “விளைச்சலை அதிகரித்தேன்” என்ற வசனத்தை எந்த விவசாயியும் நம்பமாட்டார், விவசாயம் தெரிந்த தேர்வாளரும் நம்பமாட்டார்.

அதைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது, பயிர்ப் பரிசோதனைத் திடலில் படித்ததுதான்: ஒப்பீட்டுக் கண்டம், அதாவது புதிய முறையைச் செய்யாமல் ஒப்பிடுவதற்காக விடும் துண்டு. போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிட்டால் இடையில் மழை மாறியிருக்கும். அதே போகத்தில், அதே வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த, உங்கள் ஆலோசனை போகாத பக்கத்து வயல்களோடு ஒப்பிடுங்கள். ஏக்கருக்கு இங்கே எத்தனை மூட்டை, அங்கே எத்தனை மூட்டை? வித்தியாசம் இரண்டு மூட்டை என்றாலும் அது உங்கள் வேலையோடு நெருங்கிய எண். முதல் வருடம் கற்ற பாடத்தைச் சொந்தத் தொழிலுக்குப் பாவிப்பவர் என்ற மதிப்பும் கூடவே வரும்.

ஒப்பீடு இல்லாவிட்டால் நல்ல வேலை தோல்வி மாதிரித் தெரியும் காலங்களும் உண்டு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது, நவம்பரில் விலக்கப்பட்டது. அதற்குள் காலபோக விதைப்பு நடந்துவிட்டது, யூரியா கிடைக்கவில்லை. நாடு முழுக்க நெல் விளைச்சல் விழுந்தது. அந்தப் போகத்தில் நீங்களும் ஒரு பிரிவில் நின்றிருக்கிறீர்கள். உங்கள் பிரிவிலும் விழுந்திருக்கும். ஆனால் கூட்டெருவும் குழையும் முன்கூட்டியே சேர்க்க வைத்து, கிடைத்த கொஞ்ச உரத்தைக் கதிர் வெளிவர முன்னான குடலைப் பருவத்துக்கு ஒதுக்கச் சொல்லி, சிலரையாவது கடனில் விழாமல் காத்திருந்தால் அதை எழுதுங்கள். பின்னணியை ஒரு வரியில் சொல்லிவிட்டு எழுதுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிவாரணப் பட்டியல் தயாரித்தவர்களுக்கும் இதையே சொல்வேன். ஒரு குடும்பமும் தவறாத பட்டியல் ஒரு சாதனைதான்.

நடக்காமல் போனதே சாதனையாக இருக்கும் தொழில்களும் உண்டு. ஒரு காலத்தில் வன்னி என்றாலே காய்ச்சல்தான். மலேரியாவுக்குப் பயந்து இங்கே உத்தியோகத்துக்கு வரத் தயங்கியவர்கள் இருந்தார்கள். 2012க்குப் பிறகு நாட்டுக்குள் தொற்றிய மலேரியா நோயாளி எவரும் பதிவாகாத நிலையில், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. கிராமம் கிராமமாக இரத்தப் பூச்சு எடுத்தவர்களின் பெயர் அந்தச் சான்றிதழில் இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதிய உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் என்று சேவைத் துறையில் இருப்பவர்கள், “என் பிரிவில் இன்னது இத்தனை வருடம் நடக்கவில்லை, அதற்காக நான் செய்தது இது” என்று எழுதத் தயங்கக் கூடாது. வவுனியா வடக்கிலும் ஒட்டுசுட்டான் பக்கத்திலும் சிறுநீரக நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்புபவர்களின் வேலையும் இந்த வகைதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்தில் படித்து வெளியேறும் பொறியியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வியாபாரக் கற்கை, பிரயோக விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கும் இது இலகு. பாலம் இன்ன திகதியில் முடிந்தது, கணக்கு முறை மாறியதில் மாதக் கடைசி வேலை இத்தனை நாள் குறைந்தது என்று எண் தானாக வந்துவிடும். கடினம் சமூகப்பணியிலும் உளவளத்துணையிலும் இருப்பவர்களுக்குத்தான், அங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு.

உங்கள் சேமிப்புக் குழுவில் கணவரை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரின் கதையை எழுதினால் பக்கம் மனதைத் தொடும். எழுதாதீர்கள். பெயரை மறைத்தாலும், கிராமத்தையும் பிள்ளைகளின் தொகையையும் சொன்னால் எங்கள் பக்கத்தில் ஆளைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போதும். படமும் வேண்டாம். குழுவாகச் சொல்லுங்கள்: இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை பேர் மூன்றாம் வருடமும் தொடர்ந்தார்கள், இத்தனை பேர் வட்டிக்காரரிடமிருந்த கடனை முடித்தார்கள். இரகசியம் காத்ததே உங்கள் தொழில் தகைமைக்குச் சாட்சி. நேர்முகத்தில் அவர்கள் தனி மனிதர் கதை கேட்டாலும், “அது அவருடைய விடயம், சொல்ல எனக்கு அனுமதி இல்லை” என்று மரியாதையாகச் சொல்லலாம். நல்ல நேர்முகக் குழுவென்றால் அதற்காகப் புள்ளி குறைக்காது.

2009 முகாமில் இருந்து பரீட்சை எழுதியதை இந்தப் பக்கத்தில் சேர்க்கலாமா என்பதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் தொடக்கத்திலேயே அதை எழுதியிருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்குத் தெரியும். என் அபிப்பிராயம், தொழில்சார் சாதனைகளில் அதைச் சேர்க்க வேண்டாம். விண்ணப்பத்தோடு அனுப்பும் கடிதத்தில் ஒரு வசனம் போதும். அதையும் இரக்கம் கேட்கும் தொனியில் எழுதாமல், தகவலாக எழுதுங்கள். இடம்பெயர்ந்து மீண்ட மக்களோடு வேலைசெய்யும் திட்டமென்றால் அந்த அனுபவம் பதவிக்கு நேரடியாகப் பொருந்தும், அப்போது இரண்டு வசனம் எழுதலாம்.

படிவத்தைத் தொடமுன் விளம்பரத்தை இன்னொரு தரம் வாசியுங்கள். அரச, மாகாண ஆட்சேர்ப்பு அறிவித்தல்களில் நேர்முகத்துக்கான புள்ளித்திட்டம் கொடுக்கப்பட்டிருந்தால் அதில் இல்லாத எதற்கும் புள்ளி கிடையாது. அங்கே மேலதிகக் கல்வித் தகைமையும் சேவைக்காலமும்தான் பேசும். நீங்கள் சொல்வது திட்டப் பதவி என்பதால் இந்தப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம். மூன்று அல்லது நான்கு விடயங்கள் எழுதினால் போதும், பக்கத்தை நிரப்பப் பயிற்சிப்பட்டறைச் சான்றிதழ்களை அடுக்க வேண்டாம். இணைப்பாளர் பதவி என்பதால் ஒன்றாவது பல திணைக்களங்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்த வேலையாக இருக்கட்டும். பிரதேச செயலகத்தில் இருந்தபடி அப்படியொன்று செய்யாமல் இருந்திருக்க மாட்டீர்கள். அரச சேவையில் இருப்பதால் விண்ணப்பத்தை உங்கள் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டும், அதற்கு நாள் எடுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உறுதிப்படுத்துபவராக முன்னாள் மேலதிகாரி ஒருவரைப் போடுங்கள். இன்னொருவராகக் கமக்காரர் அமைப்பின் அல்லது மாதர் சங்கத்தின் செயலாளரைப் போடலாம், அவர் கடிதத் தாளில் நாலு வரி எழுதி முத்திரை குத்தித் தந்தால் இன்னும் நல்லது. காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் அவரை வீட்டில் பிடிக்க முடியாது, தை பிறக்க முதல் போய்க் கேட்டுவிடுங்கள்.