சிவப்பு ஆயில் விளக்கும் பிரஷர் சுவிட்சும்: கேள்வி பதில்

ரங்கூனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சொந்த வண்டியோ டாக்சியோ வைத்திருக்கும் நம்மவர்கள், ஆயில் அழுத்தம் இறங்கினால் சிவப்பு விளக்கை எரியவிடும் என்ஜின் ஆயில் பிரஷர் சுவிட்சை வீட்டிலேயே மாற்றுவது பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் தரும் பதில்கள் இவை.

பெகுவிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, ரங்கூன் வரும் வழியில் சிவப்பு ஆயில் விளக்கு எரியத் தொடங்கியது. சுவிட்ச்தான் கெட்டிருக்கும் என்று நண்பர் சொன்னதால் அப்படியே ஓட்டி வந்துவிட்டேன். சுவிட்சை நானே மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓட்டி வந்தது சரியில்லை. என்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் உரசாமல் சுழல்வதற்குக் காரணம், அவற்றின் நடுவே அழுத்தத்தோடு வந்து நிற்கும் மெல்லிய ஆயில் படலம்தான். அழுத்தம் உண்மையிலேயே போயிருந்தால் சில நிமிட ஓட்டத்திலேயே பேரிங் தேய்ந்து என்ஜின் சுழலாமல் இறுகிப் பிடித்துவிடும். விளக்கு எரிந்தவுடன் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிய பின் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், கயிறு கட்டி இழுத்து வருவதுதான் முறை. சுவிட்ச் மலிவான சாமான் என்பதாலேயே பலரும் முதலில் அதன் மேல் பழியைப் போடுகிறார்கள்.

தன்லினிலிருந்து ஒரு டாக்சி ஓட்டுநர்: அப்படியானால் கெட்டது சுவிட்சா, ஆயில் பம்பா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விதான் முக்கியமானது. சுவிட்சைக் கழற்றி மாட்டுவது இதற்கு அடுத்த வேலை. நம் ஊரில் ஓடும் பழைய ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒயர் கொண்ட சுவிட்ச். அழுத்தம் இல்லாதபோது உள்ளே இருக்கும் தொடுப்பு மூடி, ஒயரை என்ஜின் பாடியோடு எர்த் செய்வதால் விளக்கு எரிகிறது. என்ஜின் ஓடி அழுத்தம் ஏறியதும் தொடுப்பு விலகி விளக்கு அணைகிறது. ஆகவே என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் ஒயர் எங்கோ உரிந்து பாடியில் தொடுகிறது என்று பொருள். புதுச் சுவிட்ச் வாங்கினால் பணம்தான் வீண். மூன்று ஒயர் கொண்ட புதிய வகைச் சென்சாரில் மட்டும் ஒயரை எர்த்தில் தொட்டுச் சோதிக்கக் கூடாது, அது கம்ப்யூட்டரோடு இணைந்தது.

ஒயர் நன்றாக இருந்தால் சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் அழுத்தம் காட்டும் முள் கேஜ் ஒன்றைப் பொருத்தி, என்ஜின் நன்கு சூடான பின் அளக்க வேண்டும். புரோபாக்ஸ் காரில் வரும் 1500 சிசி 1NZ வகை டொயோட்டா என்ஜினுக்கு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 0.3 கிலோவும், நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஏறத்தாழ 1.5 முதல் 5.5 கிலோவும் இருக்க வேண்டும். கேஜ் இந்த அளவைக் காட்டியும் விளக்கு எரிந்தால் சுவிட்சைத் தாராளமாக மாற்றலாம். கேஜின் முள்ளும் இந்த அளவுக்குக் கீழே இருந்தால் புதுச் சுவிட்சும் அதே விளக்கைத்தான் எரிய விடும். கேஜ் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, தெரிந்த பட்டறையில் இரவல் கேட்கலாம்.

ரங்கூன் தாம்வேயிலிருந்து ஒருவர்: மாற்றும் முறையைச் சொல்லுங்கள். ஆயில் முழுவதையும் வடிக்க வேண்டுமா?

வடிக்கத் தேவையில்லை. என்ஜின் நின்றிருக்கும்போது அந்தத் துளையில் அழுத்தம் கிடையாது. கழற்றும்போது கொஞ்சம் ஆயில்தான் சொட்டும், கீழே ஒரு துணியை விரித்தால் போதும். வண்டி ஓடி வந்த சூட்டோடு கை வைக்காதீர்கள், தொடும் அளவுக்கு ஆறட்டும். பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். சுவிட்ச் பொதுவாகச் சிலிண்டர் பிளாக்கில், ஆயில் ஃபில்டருக்குப் பக்கமாக இருக்கும். அடியிலிருந்துதான் எட்டும் என்றால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி உள்ளே படுக்கக் கூடாது. சுவிட்சின் தலை நீளமாக இருப்பதால் ஆழமான சாக்கெட் வேண்டும், டொயோட்டாவுக்குப் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர். சுற்றிலும் உள்ள மண்ணை முதலிலேயே துடைத்துவிட வேண்டும். துளைக்குள் விழும் மண் நேராக ஆயில் வழியில் போய்ச் சேரும்.

பழைய மரைகளில் ஒட்டியிருக்கும் பசையை நீக்கி, புதுச் சுவிட்சின் நுனியை விட்டு நடுவிலுள்ள இரண்டு மூன்று மரைகளுக்கு மட்டும் கசிவைத் தடுக்கும் பசையான திரெட் சீலர் தடவி, கையால் சில சுற்று ஏற்றிய பிறகே ரெஞ்சைப் போடுங்கள். ஏறத்தாழ 15 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். நம் பையன்கள் பலம் காட்டும் இடம் இதுவல்ல: மரை கூம்பு வடிவம், இறுக்க இறுக்கத் துளையை விரித்துக்கொண்டே போய் சுற்றியுள்ள அலுமினியப் பகுதியைப் பிளந்துவிடும். சீலர் காய ஒரு மணி நேரம் விட்டு என்ஜினை ஓட்டுங்கள். விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். சுவிட்சின் அடியில் கசிவு இருக்கிறதா என்று அப்போதும் மறுநாளும் பார்த்து, ஆயில் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அதே வாசகர்: டெஃப்லான் டேப் சுற்றலாமா?

வேண்டாம். ஒற்றை ஒயர் சுவிட்சுக்கு அதன் மரைதான் எர்த். கனமாகச் சுற்றினால் அந்தத் தொடர்பு கெடும், கிழிந்த துண்டு ஆயில் வழியை அடைக்கவும் கூடும்.

மோல்மேனிலிருந்து ஒருவர்: கடையில் இரண்டு சுவிட்ச் ஒன்றுபோல் இருந்தன. எதை வாங்குவது?

பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஜப்பான் வண்டியின் எட்டில் ஒரு அங்குல மரைக்கு அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க வகைக்கு 27. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தவறானது ஒன்றிரண்டு சுற்று ஏறிப் பிறகு முரண்டும், அங்கே வற்புறுத்தினால் துளை போய்விடும். ஐரோப்பிய வண்டிகளில் நேர் மரையும் வாஷரும் வரும், வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். வாங்கிய ஒற்றை ஒயர் சுவிட்சின் முனைக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் தொடர்பு காட்ட வேண்டும். ரப்பர் குழாய் வழியாகச் சைக்கிள் பம்பால் காற்றடித்தால் தொடர்பு அறுபட வேண்டும். கள்ளச் சாமான் கலந்து விற்கும் இடத்தில் இந்த இரண்டு நிமிடச் சோதனை வீண் போகாது.

ரங்கூனிலிருந்து ஒரு டாக்சி ஓட்டுநர்: சித்திரை வெயிலில் நெரிசலில் நிற்கும்போது மட்டும் விளக்கு மினுக்குகிறது. கெட்டி ஆயில் ஊற்றச் சொல்கிறார்கள்.

ஆயில் சூட்டில் இளகி, ஐடிலில் அழுத்தம் விளிம்புக்கு இறங்குகிறது. குறைந்த அளவு, பழைய ஆயில், அடைந்த ஸ்டிரெய்னர் (ஆயிலை வடிகட்டும் வலை), தேய்ந்த பேரிங் ஆகியவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். சில சமயம் பலவீனமான சுவிட்சும்தான். கேஜ் வைத்து அளக்காமல் கெட்டி ஆயில் ஊற்றினால் விளக்கு அடங்கும், தேய்மானம் அடங்காது.

தன்லினிலிருந்து மற்றொருவர்: மழை வெள்ளத்தில் ஓட்டியபின் விளக்கு எரிகிறது.

முதலில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் என்ஜினை ஓட்டவே கூடாது, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆயில் சுத்தமாக இருந்தால் கனெக்டரைக் கழற்றி உலர்த்தி, பச்சை பூத்த முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, மேலே சொன்ன ஒயர் சோதனையைச் செய்யுங்கள். கனெக்டருக்குள் தண்ணீருக்குப் பதில் ஆயில் இருந்தால், சுவிட்சின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதற்கு வேறு சோதனை வேண்டாம், உடனே மாற்றிவிடலாம்.

பெகுவிலிருந்து ஒரு இளைஞர்: என் 125 சிசி பைக்கில் இந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது? ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள்.

அந்த வகைச் சிறிய பைக்குகள் பெரும்பாலானவற்றில் இது கிடையாது. ஆயில் அளவை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாம்வேயிலிருந்து ஒருவர்: பழைய வண்டி ஒன்றை வாங்கப் போகிறேன். ஆயில் விளக்கு எரியவே இல்லை, நல்லதுதானே?

ஓடும்போது எரியாதது நல்லது. ஆனால் என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போடும்போது அது எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் ஒற்றை ஒயர் சுவிட்சின் ஒயரைக் கழற்றி எஞ்சின் பாடியில் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச் செத்திருக்கிறது, மாற்றினால் தீரும். அப்போதும் எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது விற்பவர் வேண்டுமென்றே பல்பைக் கழற்றியிருக்கலாம். அந்த நிலையில் கேஜ் வைத்து அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.