மகளுக்குப் பங்கு உண்டா?

கேள்வி: நைஜீரியாவின் இக்போ சமூகத்தில் தந்தையின் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை என்கிறார்களே, இன்றும் அங்கே சட்டம் அதுதானா?

பதில்: சட்டம் அதுவன்று, வழக்கம்தான் இன்னும் வளைந்துகொடுக்கவில்லை. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பொதுச் சட்டம், வட மாநிலங்களின் ஷரியா, இனக்குழுக்களின் வழக்காற்றுச் சட்டம் ஆகிய மூன்றும் அந்நாட்டில் அருகருகே இயங்குவதால், உயில் எழுதாமல் ஒருவர் இறந்ததும் எது செல்லும் என்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

1981இல் லாகோஸில் அப்படி இறந்த ஓர் இக்போக்காரரின் மனைவியும் மகனும் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தைப் பெற்றுக்கொள்ள, மகள் ஒருவர் தமக்கும் உரிமை உண்டென்று நீதிமன்றத்தை நாடினார். அவர் இறந்தவரின் மகளே அல்லர் என்றுகூட எதிர்த்தரப்பு வாதிட்டது. (சொத்து வழக்குகளில் உறவு எவ்வளவு எளிதில் அறுந்துபோகிறது!) கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் மகளின் பக்கமே நின்றன, இறுதியாக 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாலின அடிப்படையிலும் பிறப்பின் சூழ்நிலை காரணமாகவும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1999ஆம் ஆண்டு அரசமைப்பின் 42ஆவது பிரிவுக்கு அந்த வழக்கம் முரணானது என்று கூறி, அதைச் செல்லாததாக்கியது.

ஆயினும் லாகோஸ் நகரச் சொத்துக்குப் பத்திரம் உண்டு. கிராமத்துப் பூர்வீக நிலத்துக்குப் பெரும்பாலும் அது இல்லை. அங்கே பங்கு பிரிப்பவர்கள் ‘உமுன்னா’ எனப்படும் தந்தைவழிப் பங்காளிகளே என்பதால், பிறந்த வீட்டோடு பகைத்துக்கொண்டு, வழக்குச் செலவையும் ஏற்கத் துணிந்த மகளுக்கே அத்தீர்ப்பு கைகொடுக்கிறது.