பிளாஸ்டிக் செடியில் பாசி: பிளீச் போடலாமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டடி மீன்தொட்டி வைத்திருக்கிறோம். பத்து நியான் டெட்ரா, மூன்று கோரிடோராஸ். மகள் ஆசைப்பட்டு வாங்கிய பிளாஸ்டிக் செடிகளிலும் துணிச் செடிகளிலும் பாசி ஏறி, இலை எது, பாசி எது என்றே தெரியவில்லை. சில இலைகளின் ஓரத்தில் கறுப்பு முடி மாதிரி ஏதோ தொங்குகிறது. பழைய பல் பிரஷால் தேய்த்தும் போகவில்லை. கழிவறைக்கு ஊற்றும் பிளீச்சில் ஊறப்போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் மாமியார். மீனுக்கு ஒன்றும் ஆகாதா?

பதில்: மாமியார் சொல்வதில் பாதி சரி. பிளீச் பாசியைக் கொல்லும். தவறு அந்தக் கழிவறை பாட்டிலில்தான் இருக்கிறது. எலுமிச்சை வாசனை, கெட்டியாக வழியும் தன்மை, நுரை என்று எது சேர்ந்திருந்தாலும் அது மீன்தொட்டிப் பொருட்களின் பக்கமே வரக்கூடாது. வாசனைப் பொருளும் சோப்பும் பிளாஸ்டிக்கிலும் துணியிலும் தங்கிவிடும். எத்தனை முறை அலசினாலும் முழுதாகப் போனதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பாத்திரம் கழுவும் திரவத்துக்கும் இதே பதில்தான்.

பிளீச்சுக்குப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். செடிகளை வெளியே எடுத்து, குழாய்நீரில் காட்டி, விரலால் வழித்துப் பாருங்கள். பழுப்பு நிறத் தூசு போல வழிந்து வந்தால் அது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டிகளில் முதல் சில மாதங்கள் வரும், பிறகு தானாகக் குறையும். தண்ணீரும் பிரஷும் போதும். பச்சைப் புள்ளியாக அழுந்தி ஒட்டியிருந்தால் கொஞ்சம் ஊறவேண்டும். நீலப்பச்சையில் வழவழவென்று தோல் போல உரிந்து, மண் நாற்றம் அடித்தால் அது பாசியே அல்ல, ஒருவகை பாக்டீரியா. செடியைக் கழுவியதோடு அது விடாது. அடிமணலில் தேங்கிய கழிவையும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் கறுப்பு முடி, 'கருந்தாடிப் பாசி' என்று நாங்கள் சொல்வது. பார்க்கக் கறுப்பு, இனத்தால் அது செம்பாசி. பிரஷுக்கு மசியாது. நீங்கள் தேய்த்துத் தோற்றதில் வியப்பில்லை.

இதற்கு நான் முதலில் எடுப்பது பிளீச் அல்ல, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு. கையுறை போட்டுக்கொண்டு, தொட்டிக்கு வெளியே வைத்து, தண்ணீர் கலக்காமல் பாசியின் மேல் தெளியுங்கள். சின்னச் சின்னக் குமிழி கிளம்பும். பத்து நிமிடம் விட்டு, பிரஷால் தேய்த்து, நன்றாக அலசுங்கள். வேலை முடிந்தால் அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அதனால்தான் பயந்த கைகளுக்கு இதைச் சொல்வேன். கறுப்பு முடி உடனே உதிராது. ஓரிரு நாளில் இளஞ்சிவப்பாக மாறும். சிவந்தால் செத்துவிட்டது என்று பொருள். அதன்பின் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும்.

துணிச் செடிகளை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளீச் பட்டால் சாயம் வெளுக்கும், ஓரம் நூல் நூலாகப் பிரியும். நெசவுக்குள் புகுந்த பிளீச்சை வெளியே கொண்டுவருவதும் சிரமம். இதைச் சொந்த இழப்பிலிருந்து சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு துணிச் செடியை பிளீச்சில் போட்டு, அலசி, ஈரத்தோடே தொட்டிக்குள் வைத்தேன். விருந்தாளி வருகிறார்கள் என்ற அவசரம். மறுநாள் காலையில் ஆறு டெட்ராக்கள் மிதந்தன.

பிளாஸ்டிக் செடியில் பெராக்சைடுக்கும் அசையாத பச்சைப் புள்ளி இருந்தால் மட்டும் பிளீச். வாசனை சேர்க்காத, சாதாரண வெள்ளைத் துணி பிளீச்சாக இருக்கட்டும். இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். சன்னலைத் திறந்துவைத்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வினிகர், அமோனியா உள்ள துப்புரவுத் திரவம், பெராக்சைடு, எதையும் இதோடு கலக்காதீர்கள். வினிகரும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மீனைவிட முதலில் உங்கள் நுரையீரலுக்குத்தான் அது கேடு. பெராக்சைடில் போட்ட செடியை நன்றாக அலசிய பிறகே பிளீச்சுக்குக் கொண்டுபோங்கள்.

பத்து நிமிடம் ஆனதும் ஓடும் நீரில் அலசி, வேறொரு வாளியில் சுத்தமான தண்ணீர் எடுத்து, ஆன்டி-குளோரின் மருந்தை வழக்கத்தைவிட நாலைந்து மடங்கு விட்டு, அரைமணி நேரம் அமிழ்த்துங்கள். மிச்ச குளோரினை அது முறிக்கும். பிறகு துணி காயப்போடும் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு முழுநாள் காயவையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு நாள்கூட ஆகலாம். காய்ந்ததும் மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். நீச்சல்குள வாசம் சிறிதாவது வந்தால் மறுபடி வாளிக்கே போகட்டும்.

அந்த வாளியை வேலை முடிந்தவுடன் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். அலசிய தண்ணீரை அப்படியே பின்கட்டில் விட்டு ஒரு வாரம் மறந்தால் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டும்போது "மீன்செடி ஊறுது" என்று சொன்னால் எடுபடாது.

கொதிக்கும் நீரை ஊற்றலாமா என்று பலர் கேட்பார்கள். மலிவான பிளாஸ்டிக் இலை சுருண்டுவிடும். கை பொறுக்கும் சூடு போதும். கழுவும்போது தண்டுக்குள் இருக்கும் கம்பி வெளியே தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அந்தச் செடியைக் குப்பையில் போடுங்கள். துருவோ செம்போ தண்ணீரில் கரைவது நல்லதல்ல.

இன்னொரு தவறும் மீனின் உயிரை வாங்கும்: ஒரே நாளில் எல்லாச் செடியையும் கழுவி, ஃபில்டர் பஞ்சையும் குழாய்நீரில் பிழிவது. மீன் கழிவின் அமோனியாவைச் செரிக்கும் பாக்டீரியா பெரும்பாலும் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமி கொல்லப் பொதுப் பயனீட்டுக் கழகம் கலப்பது குளோரமின்; அது இந்த பாக்டீரியாவையும் கொல்லும். குளோரின் போல இரவெல்லாம் வாளியில் வைத்தால் பறந்துபோகாது. ஆகவே இந்த வாரம் பாதிச் செடி, இரண்டு வாரம் கழித்து மீதி. பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், அதுவும் வேறொரு நாளில். தொட்டிக்குள் ஊற்றும் புதுத் தண்ணீருக்கு ஆன்டி-குளோரின் கட்டாயம்.

இவ்வளவும் செய்து ஒரு மாதத்தில் பாசி திரும்பி வந்தால் எரிச்சலாக இருக்கும். வரத்தான் செய்யும், விளக்கு எரியும் நேரம் மாறாவிட்டால். உயிர்ச்செடி இருந்தால் மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டைத் தானே சாப்பிட்டுப் பாசியைப் பட்டினி போடும். பிளாஸ்டிக் செடி எதையும் சாப்பிடாது. மொத்தச் சாப்பாடும் பாசிக்கே. நம் ஊரில் வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணிநேரப் பகல் வேறு. சன்னல் வெயில் தொட்டியில் நேராக விழுந்தால் திரைச்சீலை போடுங்கள், அல்லது தொட்டியை நகர்த்துங்கள்.

ஆனால் பிளாஸ்டிக் செடியில் ஒரு வசதி உண்டு, கடைக்காரர்கூட இதைச் சொல்வதில்லை: அதற்கு வெளிச்சமே தேவையில்லை. மீனுக்கு அறை வெளிச்சம் போதும். தொட்டி விளக்கு நாம் பார்ப்பதற்காகத்தான். மகள் பள்ளியிலிருந்து வந்து மீனைப் பார்ப்பது மாலையில் என்றால், டைமர் ஒன்று வாங்கி ஐந்தரை மணி முதல் பத்து மணி வரை மட்டும் எரியவிடுங்கள். தீனியை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குக் குறைத்து, வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

பாசி தின்னும் என்று சக்கர் மீன் வாங்கிவிடாதீர்கள். கடையில் விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும், உங்கள் இரண்டடித் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. பிறகு நீர்த்தேக்கத்தில் விட்டுவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது சட்டப்படி குற்றம். நெரைட் நத்தை இரண்டு மூன்று விடலாம், பச்சைப் புள்ளியை ஓரளவு சுரண்டும். நத்தை இருந்தால் செம்பு கலந்த பாசிக்கொல்லி மருந்தை அந்தத் தொட்டியில் ஊற்றக்கூடாது. கறுப்பு முடியை நத்தை தொடாது. அதற்கு மேலே சொன்ன பெராக்சைடுதான்.