குளக்கட்டில் நடக்கிறவருக்கு எந்தக் கமரா?

மாரி முடிந்து குளங்கள் நிரம்பிக் கிடக்கும் மாதங்களில் எதை வாங்கலாம் என்று எனக்கு வரும் கேள்விகள் மோட்டார் சைக்கிளையும் தண்ணீர் மோட்டரையும் விட்டுக் கமராவுக்கு மாறிவிடும். இந்த முறையும் அப்படித்தான். வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கடையில் வேலை. விடியப்புறம் இரணைமடுக் கட்டிலும் வாய்க்கால் கரையிலும் நடந்து போனில் படம் எடுப்பேன். கனடாவில் இருக்கும் மாமா ஆவணியில் வருகிறார். கமரா ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். கூட்டாளிகள் நிக்கோன் டி3500 நல்லது என்கிறார்கள். அதையே சொல்லலாமா, அண்ணை?

பதில்: மாமாவுக்கு மறுமொழி போட முதல் ஒரு வேலை செய்யுங்கள், தம்பி. போனில் இருக்கும் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். சரிவராமல் போயும் அழிக்க மனம் வராமல் எந்தப் படத்தை வைத்திருக்கிறீர்கள்? கட்டு, தண்ணீர், வானம் மூன்றும் சேர்ந்த அகலப் படம் என்றால் போனே போதும். இருண்ட கரையையும் வெளிச்ச வானத்தையும் சரிக்கட்ட அது தானாகவே நாலைந்து படங்களை எடுத்து ஒன்றாக்கித் தருகிறது. அதே வேலையைக் கமராவில் செய்ய நீங்கள் கணினி முன்னால் குந்த வேண்டும். தூரத்து மின்கம்பியில் இருந்த மீன்கொத்தி வெறும் புள்ளியாகப் போயிருந்தால், அல்லது விடியமுதல் எடுத்த பாலைமரம் களி போலக் கலங்கியிருந்தால், அப்போதுதான் கமராவுக்கு வேலை இருக்கிறது.

இடையில் ஒன்று. புதுப் போன் வாங்கினால் படம் திருந்தும் என்று 108 மெகாபிக்சலைக் காட்டி விற்பார்கள். சாதாரணமாக எடுக்கும்போது அது ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படம்தான் தருகிறது. அந்த எண்ணுக்காக மேலதிகக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, கமராதான் என்று முடிவாகிவிட்டால்? டி3500 நல்ல சாமான். 2018 இல் வந்தது. பற்றரியும் மெமரி காட்டும் போட்டால் 415 கிராம், ஒரு சார்ஜில் 1,550 படம் என்பது கம்பனிக் கணக்கு. இப்போது புதிதாகச் செய்வதில்லை என்பதால் பெரும்பாலும் பாவித்ததுதான் கிடைக்கும். எங்கள் பக்கத்துக்கு அதில் ஒரு குறை இருக்கிறது, உங்கள் கூட்டாளிகள் சொல்லியிருக்க மாட்டார்கள். படம் பதியும் தகடான சென்சரை அதிரவைத்துத் தூசியை உதிர்க்கும் வசதி அதில் கிடையாது. முந்திய டி3300 இல் இருந்ததை டி3400 இலும் டி3500 இலும் எடுத்துவிட்டார்கள். கெனனில் 1300டி க்கு இல்லை, 200டி க்கு உண்டு. கச்சான் காற்று வீசும் மாதத்தில் கிறவல் ரோட்டில் ஒரு ட்ரக்டர் உங்களைக் கடந்து போன பிறகு சட்டையைத் தட்டிப் பாருங்கள், நான் ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்று விளங்கும். லென்ஸ் கழற்றும் அந்த அரை நிமிடத்தில் அவ்வளவும் உள்ளே போகப் பார்க்கும். ஆகவே டி3500 தான் கிடைக்கிறது என்றால் வீட்டிலேயே ஒரு லென்ஸைப் போட்டுக்கொண்டு போய், அதையே போட்டபடி வீட்டுக்கு வாருங்கள். டி3300 அல்லது 200டி நல்ல நிலையில் கிடைத்தால் என் கை அங்கேதான் போகும்.

மாமா பாவித்ததை வாங்குகிறார் என்றால் எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது, அதாவது எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று விற்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள். நிக்கோனில் இது சுலபம். எடுத்தவுடன் மாற்றாமல் அனுப்பும் ஒரு படத்துக்குள்ளேயே அந்த எண் பதிந்திருக்கும், இலவச மென்பொருள்கள் காட்டிவிடும். கெனன் படங்களில் பெரும்பாலும் அது இருக்காது. டி3500 இன் ஷட்டர் 100,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. பத்து, இருபதாயிரம் ஓடியது என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

இன்னுமொன்று, கூடவே 50 மில்லிமீற்றர் லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று மாமா துள்ளுவார். பெயரின் கடைசியில் 1.8டி என்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நிக்கோனின் டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் போகஸ் மோட்டர் இல்லை, அந்த லென்ஸுக்குள்ளும் இல்லை. கையால் திருப்பித் திருப்பியே காலம் போகும். 1.8ஜி என்றால் பிரச்சினை இல்லை. சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கனடா வாறன்ரியை இங்கே யாரும் பெரும்பாலும் மதிக்க மாட்டார்கள் என்பதையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் முள்ளியவளையில் ஆசிரியை. நந்திக்கடல் பக்கம் பறவை பார்க்கப் போவதற்காக, ஒரு கடையில் பாவித்த 55-250 லென்ஸ் ஒன்றை 32,000 ரூபாவுக்கு வாங்கினேன். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை நூல் மாதிரி ஏதோ தெரிகிறது. கடைக்காரர் “தூசிதான் மிஸ், படத்தில் வராது” என்கிறார். நம்பலாமா?

பதில்: தூசி புள்ளியாக இருக்கும், ரீச்சர். நூலாகக் கிளைவிட்டு, சிலந்தி வலையின் ஒரு மூலை போலப் படர்ந்திருந்தால் அது பங்கசு, அதாவது பூஞ்சணம். எங்கள் மாரியில் துவைத்த துணியே மூன்று நாள் காயாது. அலுமாரிக்குள் தோல் உறையில் கிடந்த லென்ஸில் அது வளர்வதில் புதுமை ஒன்றுமில்லை. இரண்டு கிழமையில் உங்கள் வீட்டில் வளர்ந்தது என்று கடைக்காரர் சொன்னால், அது வந்த பிறகு வளர்ந்ததா, வரும்போதே இருந்ததா என்று வாதாட வேண்டிவரும். எனக்கும் இது நடந்தது. பட்டணத்துக் கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டியில், பளிச்சென்ற விளக்குக்குக் கீழே ஒரு லென்ஸ் புதிது போலத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ரோச் அடித்துப் பார்த்தபோதுதான் நடுக் கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளைப் பூ தெரிந்தது. திரும்பப் போனேன், எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பில் கேட்டு வாங்காத என் தலையில்தான் நான் குட்டிக்கொண்டேன்.

அதனால் இனி வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றுங்கள். பின்பக்கம் ஒரு சின்ன நெம்பு இருந்தால் விரலால் தள்ளி உள்ளே இருக்கும் துவாரத்தை முழுக்கத் திறவுங்கள். போனின் ரோச்சைப் பின்னால் பிடித்து, நேராகப் பார்க்காமல் சற்றுச் சரித்துப் பாருங்கள். கடையின் விளக்குக்குக் கீழே அல்ல, நிழலுக்குப் போய். பிறகு முன்பக்கத்தில் இருந்தும் அதே மாதிரி. கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு மறுமொழிதான்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் அதைத் தருவது வியாபாரியின் கடமை என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். ஆகவே “அடுத்த மாதம் வாங்கோ பார்ப்பம்” என்று அவர் இழுத்தால் நாளை எண்ணிக்கொண்டிருங்கள். முதலில் ரோச் வெளிச்சத்தில் அந்த நூலைப் படம் எடுத்து, வாங்கிய திகதியோடு கடைக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் “தூசிதான்” என்று எழுத்தில் மறுமொழி போட்டால் அதை அழிக்காமல் வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். தனியாள் ஒருவரிடம், கடை இல்லாமல் வாங்கியிருந்தால் இந்த வழி அவ்வளவு கைகொடுக்காது. சட்டம் வியாபாரியைப் பற்றித்தான் பேசுகிறது.

காசைத் திரும்ப எடுத்து வேறொன்று வாங்கினால், அதைக் காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நீலமாக இருந்து ஈரம் பிடித்தால் றோஸாகும் வகை நல்லது. நிறம் மாறினால் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் பாவிக்கலாம். அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்லி யாரும் சொன்னால் கேளாதீர்கள். அரிசி மாத் தூசி லென்ஸ் வளையத்துக்குள் போனால் அது வேறு கதை. பங்கசு பிடித்த பழையதை அந்தப் பெட்டிக்குள் சேர்க்கவும் வேண்டாம்.

கேள்வி: முகநூலில் 512 ஜிபி மெமரி காட் 1,500 ரூபா என்று விளம்பரம். கூரியர்காரரிடம் காசு கொடுத்தால் போதுமாம். வவுனியாவில் இருந்து ஒரு மாணவன்.

பதில்: வேண்டாம். இப்படியானவற்றில் உள்ளே இருப்பது 16, 32 ஜிபிதான். கணினி ஏமாறும்படி எண்ணை மாற்றி எழுதியிருப்பார்கள். இடம் நிரம்பிய பிறகு எடுக்கும் படங்கள் பெயரோடு இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் காட்டை முழுக்க எழுதி வாசித்துச் சோதியுங்கள். நடைக்குப் போகிற உங்களுக்கு 32 ஜிபி நல்ல காட் ஒன்றே தாராளம். பழைய கமரா என்றால் அதற்கு மேல் வாசிக்காமலும் விடலாம்.

கேள்வி: மன்னாரில் இருந்து எழுதுகிறேன். வங்காலைப் பக்கம் பூநாரை வரும் காலத்தில் படம் எடுக்க ஆசை. லென்ஸ் மாற்றத் தேவையில்லாத பெரிய சூம் கமரா வாங்கலாம் என்று யோசனை. நிக்கோன் பி900 பாவித்தது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கடைக்காரர் சந்திரனைக் கிட்டக் காட்டினார், எனக்குத் தலை சுற்றிவிட்டது.

பதில்: சந்திரனைக் காட்டித்தான் அதை எல்லோருக்கும் விற்கிறார்கள். 83 மடங்கு சூம், 2000 மில்லிமீற்றர் லென்ஸுக்குச் சமம், அதில் பொய் இல்லை. சந்திரன் வெயில் பட்ட பாறை, வெளிச்சத்துக்கும் குறைவில்லை. விடியப்புறம் ஆறு மணிக்கு, சாம்பல் வானத்தின் கீழ் நடமாடும் பறவை அப்படி அல்ல. பி900 இன் சென்சர் ஏறத்தாழ 6.2 க்கு 4.6 மில்லிமீற்றர், அதாவது சுண்டுவிரல் நகத்திலும் சின்னது. டி3300 போன்றதன் சென்சர் பரப்பில் அதைவிடப் பதின்மூன்று மடங்கு. வெளிச்சம் குறைந்ததும் பி900 படத்தில் இறகு தண்ணீர்ச் சாயம் போலக் கரையும். வங்காலையில் வெயில் ஏறிய பிறகும் நின்று எடுப்பீர்கள், பெரிதாக அச்சடிக்க மாட்டீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். வெயிலில் தட்டையான உவர்நிலத்துக்கு மேல் காற்றே நடுங்கும் என்பதையும் சேர்த்து நினையுங்கள். 2000 மில்லிமீற்றரில் நீங்கள் எடுப்பது பாதி பறவை, பாதி கானல்.

வாங்க முதல் கடைக்காரரிடம் சந்திரனை விடச் சொல்லி, கடைக்கு எதிரே இருக்கும் மரத்துக் காகத்தைப் பொழுதுபடும் நேரத்தில் எடுத்துப் பாருங்கள். அந்தப் படத்தை உங்கள் போனுக்கு மாற்றிப் பெரிதாக்குங்கள். அது பிடித்திருந்தால் பேரம் பேசலாம். வங்காலை 2010 இல் ராம்சார், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சரணாலயம். பறவையைக் கலைத்துப் பறக்கவைத்துப் படம் எடுக்கிற வேலை வேண்டாம், அதற்கு எந்தச் சூமும் உதவாது.

அதே கடையில் யப்பானில் இருந்து வந்த சொனி கமராக்களும் இருந்தால் கமராவின் மெனுவைத் திறந்து பாருங்கள். யப்பானிய உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த சொனியில் பெரும்பாலும் யப்பானிய மொழியை மாற்ற முடியாது. விலை குறைவு, ஆனால் வாழ்நாள் முழுக்க ஊகித்துத்தான் அமத்த வேண்டும்.

கேள்வி: குளத்துத் தண்ணீரில் வானம் மினுங்குவதால் தாமரை இலை வெளிறிப் போகிறது. போலரைசர் பில்டர் வாங்கினால் சரியாகுமா? முத்தையன்கட்டுப் பக்கம் நடக்கிறவன். காட்டுப் பக்கமும் இறங்கி எடுக்க ஆசை, ட்ரைபொட் எது நல்லது?

பதில்: பில்டர் சரி, வாங்குங்கள். நடைப் படங்களுக்கு முதலில் வாங்க வேண்டிய பில்டரே அதுதான், கணினியில் பிறகு போட முடியாத வேலையை அது செய்கிறது. லென்ஸின் முன் வளையத்தில் குறுக்குக் கோடு போட்ட வட்டத்தோடு (⌀) எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கெனன் 18-55 களில் பெரும்பாலானவை 58, நிக்கோனின் ஏஎஃப்-பி 18-55 க்கு 55, அதற்கு முந்தியதுக்கு 52. சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் நிற்கும்போதுதான் வானம் நன்றாகக் கறுக்கும். கிட்டத்தட்ட ஒன்றரை, இரண்டு படி வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு படி என்றால் பாதியாகக் குறைவது) என்பதால் பொழுதுபட்டதும் கழற்றிவிடுங்கள்.

ட்ரைபொட்டில் நடுத்தண்டின் கீழே கொழுக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் தண்ணீர்ப் போத்தல் பையைத் தொங்கவிட்டால் குளக்கட்டுக் காற்றுக்கு அசையாது. நடுத்தண்டை உயர்த்தாமலே உங்கள் நெஞ்சு உயரம் வர வேண்டும். மற்றபடி கம்பனியைப் பற்றி நான் சண்டை பிடிக்க மாட்டேன்.

காட்டுக்குள் இறங்குவது மட்டும் வேண்டாம். யானை ஒரு பக்கம் இருக்கட்டும். மிதிவெடி இருக்கிறது என்று மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இன்னும் சில இடங்களில் நிற்கிறது, பலகை விழுந்த இடமும் இருக்கலாம். ஆடுமாடு போய்ப் பழகிய தடத்திலேயே நில்லுங்கள். தூரத்தில் ஒரு நல்ல மரம் தெரிந்து மனம் கேட்காவிட்டால், பட்டணத்துக் கலியாண ஸ்ரூடியோவில் தூரத்தைக் கிட்டக் காட்டும் 70-200 லென்ஸ் ஒன்றைக் கிழமை நாளில் வாடகைக்குக் கேளுங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் அது அவர்களிடம் சும்மாதான் கிடக்கும்.