கப்பை வாங்குங்கள், மற்றதைச் செய்யுங்கள்

கேள்வி: நானும் நண்பர்களும் காரில் யாழ்ப்பாணம் போகும் வழியெல்லாம் வீடியோ எடுக்க இருக்கிறோம். கெமராவைக் காருக்கு வெளியே பொருத்தும் சக்ஷன் கப் ஸ்டாண்ட் ஒன்றுக்குக் கடையில் 38,000 ரூபா சொன்னார்கள். எங்கள் கெமராவும் லென்ஸும் சேர்ந்து 700 கிராம். குளியலறையில் ஒட்டும் கொக்கிக் கப் நான்கும் அலுமினியப் பட்டையும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி சொல்வது பாதி சரி. பட்டையை வீட்டில் வெட்டலாம், துளைக்கலாம். கப்பை மட்டும் குளியலறையில் தேட வேண்டாம்.

சக்ஷன் கப்புக்குச் சொந்தமாக ஒட்டும் சக்தி கிடையாது. உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால் வெளியே இருக்கும் காற்று அதை அமுக்கிப் பிடிக்கிறது. கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. அதனால் எத்தனை சதுர சென்ரிமீற்றர், உள்ளே எவ்வளவு காற்று மிச்சம் என்ற இரண்டும்தான் கணக்கு. கொக்கிக் கப் ஐந்து சென்ரிமீற்றர் விட்டம் என்றால் பரப்பு இருபது சதுர சென்ரிமீற்றர்கூட வராது. கையால் அழுத்தி ஒட்டும்போது உள்ளே காற்றும் நிறையத் தங்கிவிடும். துவாய் தொங்கப்போடச் செய்த சாமான் அது. துவாய் விழுந்தால் எடுத்து உதறிவிட்டுப் போகலாம்.

கண்ணாடி, டைல் வேலை செய்பவர்கள் தகடு தூக்கப் பாவிக்கும் கப்பைப் பார்த்திருப்பீர்கள். கைபிடியும், மடக்கினால் இறப்பரை மேலே இழுக்கும் நெம்பும் இருக்கும். நாலரை அங்குல விட்டமுள்ள ஒன்றின் பரப்பு நூறு சதுர சென்ரிமீற்றரைத் தாண்டும். முழு வெற்றிடம் கிடைத்தால் நூறு கிலோ தாங்க வேண்டும். முழு வெற்றிடம் நெம்பால் கிடைக்காது. அதில் சிறு பங்கு கிடைத்தாலும் உங்கள் 700 கிராமுக்குத் தாராளம். இதைவிட நல்லது பம்ப் வைத்த கப். கைபிடியோரம் இருக்கும் குமிழை அழுத்தி அழுத்திக் காற்றை எடுக்க வேண்டும். குமிழின் தண்டில் சிவப்புக் கோடு வெளியே தெரிந்தால் காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். சினிமாக்காரர்கள் இந்த வகையைத்தான் விரும்புகிறார்கள். ஓடும் காரில் எது நழுவப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் சாமானுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

பழைய சோனகத் தெருப் பக்கம் ஹாட்வெயார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கெமராச் சாமான் என்று வாய் திறக்க வேண்டாம். கண்ணாடி தூக்கும் கப் என்றே கேளுங்கள். வாங்குமுன் இறப்பர் விளிம்பை விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். நெடுநாள் தட்டில் கிடந்த இறப்பரில் முடிபோன்ற வெடிப்பு தெரியும், விளிம்பில் நகக்கீறல் அளவு வெட்டு இருந்தாலும் காற்று கசியும். கடையின் கண்ணாடி அலுமாரியிலேயே ஒட்டிவிட்டுப் பேரம் பேசுங்கள். பேரம் முடியும்போதே தளர்ந்துவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

மூன்று கப் வாங்குங்கள். ஒற்றைக் கப்பை நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் நெம்பினால் ஒரு விளிம்பு கிளம்பி, காற்று புகுந்து, முழுதும் விட்டுவிடும். பள்ளத்தில் சில்லு விழும்போது 700 கிராம் ஒரு கணம் இரண்டு மூன்று கிலோவாகத் தெறிக்கும். உயரமான தண்டின் நுனியில் கெமரா இருந்தால் அந்தத் தெறிப்பு முழுவதும் கப்பின் ஒரு விளிம்பில் போய்ச் சேரும். மூன்றையும் முக்கோணமாக, ஒன்றுக்கொன்று ஓர் அடி இடைவெளியில் வைத்துப் பட்டையால் இணைத்தால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எதிர்ப்பக்கக் கப் இழுத்துப் பிடிக்கும். 25 மில்லிமீற்றர் அகலம், 5 மில்லிமீற்றர் தடிப்பில் அலுமினியப் பட்டை போதும். நட் எல்லாம் உள்ளே நைலோன் வளையம் உள்ள நைலொக்காக இருக்கட்டும், சாதா நட் அதிர்வில் கழன்றுவிடும். கெமராவைத் திருப்பும் பால் ஹெட்டையும் கடையிலேயே வாங்கிவிடுங்கள். அதிர்வைக் குறைக்கிறேன் என்று நடுவில் ஸ்பொஞ்ச் வைக்காதீர்கள். கெமரா இன்னும் கூடுதலாக ஆடும்.

இனி எல்லோரும் சறுக்கும் இடம், அந்தச் சின்ன போல்ட். கெமராவின் அடியில் இருக்கும் துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. கடையில் 'கால் இஞ்சி போல்ட்' கேட்டால் சில வேளை எம்6 என்ற மில்லிமீற்றர் அளவுப் போல்ட்டை எடுத்து நீட்டுவார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கால் அங்குலம் 6.35 மில்லிமீற்றர், இது 6. அதன் புரி இடைவெளி 1.27 மில்லிமீற்றர், இதன் இடைவெளி 1. போட்டால் லூசாக ஒன்றிரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். 'நல்லாப் பிடிச்சிட்டுது' என்று நினைத்துக் குறட்டால் இன்னொரு சுற்று சுற்றினால் கெமராவின் புரி போய்விடும். இன்னொரு வகை பழைய பிரித்தானிய விற்வேர்த் போல்ட். அதுவும் கால் அங்குலம், 20 புரிதான். புரியின் கோணம் மட்டும் 60 பாகைக்குப் பதில் 55. ஏறிவிடும், ஆனாலும் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. 'யூ.என்.சி கால் அங்குலம்' என்றே கேளுங்கள், 60 பாகைப் புரிக்கு அதுதான் பெயர். கையில் இருக்கும் ட்ரைபொட்டின் திருகைக் கொண்டுபோய், இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் புரியோடு புரி இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். முதலில் ஏதாவது மலிவான போன் கிளிப்பில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கெமராவுக்கு. போல்ட் தட்டுக்கு மேலே ஐந்து மில்லிமீற்றருக்கு மிஞ்சி நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் குறைத்துவிடுங்கள், கெமராத் துளைக்கு ஆழம் அவ்வளவுதான்.

எங்கே ஒட்டுவது? வெள்ளவத்தைக்காரர் என்பதால் இதைச் சொல்கிறேன். மரைன் ட்ரைவ் பக்கம் இரவு நிறுத்திய காரின் பொனட்டைக் காலையில் விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசுவென்று உப்பு ஒட்டும். அதன்மேல் எந்தக் கப்பும் நிற்காது. சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, கடைசியாக ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட துணியால் ஒரு தடவை. மெழுகுப் பொலிஷ் போட்ட காரென்றால் கப் கழன்று விழாது, மெல்ல மெல்ல வழுக்கிக் கீழே போகும். விபத்துக்குப் பின் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்த தகட்டில் ஒட்டவே ஒட்டாதீர்கள்; கழற்றும்போது பெயின்ட் சேர்ந்து வரும். முன்கண்ணாடியின் மேல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளாக ஒரு பட்டை இருக்கும், கண்ணாடியின் உள்பக்கமாக ஒட்டினால் அதன் மேலும் சரியாகப் பிடிக்காது. டின்ட் ஒட்டிய கண்ணாடியும், சொரசொரப்பான பிளாஸ்டிக்கும் கணக்கிலேயே இல்லை. பொனட் தகடு மெல்லியது. நடுவை விட்டு, அடியில் சட்டம் ஓடும் ஓரமாக ஒட்டுங்கள். டிரைவரின் பார்வையை மறைக்காத இடமாகவும் இருக்க வேண்டும்.

கதவில் வேண்டாம். காலி வீதியில் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் எந்த இடுக்கில் புகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கப் விட்டாலும் கெமரா வீதியில் விழக்கூடாது. அதற்குத்தான் பாதுகாப்புக் கயிறு, அது இல்லாமல் காரை எடுக்காதீர்கள். மெல்லிய இரும்பு வயர் கேபிளை இரு முனையிலும் கிளாம்ப் போட்டு, ஒரு முனையைக் கெமராவிலேயே கட்டுங்கள். ஸ்டாண்டில் மட்டும் கட்டினால் போல்ட் கழன்ற அன்று ஸ்டாண்ட் மட்டுமே மிஞ்சும். ஸ்டாண்டுக்குத் தனியாக இன்னொன்று. மறுமுனைகளை பொனட் கீலில், அல்லது கதவிடுக்கால் உள்ளே எடுத்து இருக்கை அடிச்சட்டத்தில். நீளத்தை அளந்து வெட்டுங்கள்: கெமரா விழுந்து தொங்கினாலும் ரயருக்கும் தரைக்கும் எட்டக்கூடாது. பின்னால் வருபவர் ஹெல்மெட்டில் போய் அடித்தால் 38,000 ரூபா மிச்சம் பிடித்த கதை வேறு மாதிரி முடியும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளுகை நான்கு மடங்காகும். நகரத்தின் 50 கிலோமீற்றர் வேகத்தில் இந்த அளவுக் கெமராவில் சும்மா தடவிப்போகும் காற்று, அதிவேகப் பாதையின் 100இல் அரைக் கிலோவுக்கு மேல் அழுத்தும். அந்த அழுத்தம் சீராக இருந்தால் பயமில்லை. பெரிய பஸ் முந்திப் போகும்போது வரும் உலுக்கல்தான் கப்பைக் கிளப்பும். அதிவேகப் பாதையில் ஏறுமுன் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். வெயிலும் எதிரிதான். கப்புக்குள் மிச்சமிருக்கும் காற்று சூடேறினால் அமுக்கம் கூடும், பிடி குறையும். தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினால் முதலில் கப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி ஒட்டிவிட்டு, பிறகு தேத்தண்ணி.

இவ்வளவும் வாங்கக் கணக்குப் போடும்போது அந்த 38,000இன் பாதியைத் தாண்டுகிறதா? அப்படியானால் செய்யும் யோசனையை விட்டுவிட்டு, ஸ்டாண்ட் உள்ள ஒருவரிடம் இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். ஒரே ஒரு பயணத்துக்கென்றால் எனக்கு அதுதான் புத்தியாகப் படுகிறது.

கேள்வி: நான் ஓட்டோ ஓடுகிறேன். விபத்து, வாய்த்தகராறு ஏதும் வந்தால் சாட்சிக்கு இருக்கட்டும் என்று போனை முன்கண்ணாடியில் சக்ஷன் கப் ஹோல்டரில் மாட்டி நாள் முழுக்க வீடியோ ஓட விடலாமா? போன் கெமரா கெட்டுவிடும் என்கிறார்கள்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சும்மா சொல்லவில்லை, அண்ணை. நல்ல போன்களில் கை நடுக்கத்தை ஈடுகட்ட லென்ஸ் தானாக அசையும் ஒரு பொறிமுறை உண்டு. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பலத்த அதிர்வு அதைப் பழுதாக்கக்கூடும் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்தது. அவர்கள் சொன்னது மோட்டார் சைக்கிளை. ஓட்டோ எஞ்சின் அதைவிடச் சாது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். சூடு இன்னொரு பக்கம். ஐபோனை 35 பாகை செல்சியஸ் வரையான சூழலில்தான் பாவிக்கச் சொல்கிறார்கள். மத்தியான வெயிலில் கண்ணாடியோடு ஒட்டி வீடியோவும் ஓடினால் போன் தானே நின்றுவிடும், நீங்கள் சாட்சி தேடும் நேரத்தில்.

நாள் முழுக்கப் பதிவு வேண்டுமென்றால் வாகனத்துக்கென்றே செய்த சின்னக் கெமரா, டாஷ்கேம் ஒன்று வாங்குங்கள். உள்ளே பற்றரி இருப்பதைவிடக் கப்பாசிற்றர் உள்ளதாகக் கேளுங்கள், வெயிலில் அது நிற்கும். மெமரி கார்டும் ஓயாமல் எழுதி அழிக்கத் தோதான 'ஹை என்டூரன்ஸ்' வகையாக இருக்கட்டும், மலிவுக் கார்ட் சீக்கிரம் செத்துவிடும். போனை வழி பார்க்க மட்டும் வையுங்கள். ஓடும்போது கையில் எடுத்தால் பொலிஸ் பிடிக்கும்.

கேள்வி: ஓன்லைனில் வாங்கிய சக்ஷன் கப் ஹோல்டர் ஒரே வாரத்தில் விழுந்து போன் திரை உடைந்துவிட்டது. 'ஆறு கிலோ தாங்கும்' என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் 'வொரண்டி கார்ட் இல்லைத்தானே' என்று கையை விரிக்கிறார்.
– வாசகி, தெஹிவளை

பதில்: கார்ட் இல்லாவிட்டாலும் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்தோடு, சொல்லாமலே அடங்கியிருக்கும் உட்கிடையான உத்தரவாதத்தையும் சேர்த்தே பேசுகிறது. பெட்டியில் ஆறு கிலோ என்று அச்சடித்துவிட்டு ஒரு போனைத் தாங்கவில்லை என்றால் உங்கள் பக்கம் வலுவானது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ அதிகாரசபை உத்தரவிடலாம்.

ஹோல்டரின் விலை திரும்பி வருவது சுலபம், உடைந்த திரைக்கு நட்டஈடு கேட்டால் இழுபடும். எங்கே ஒட்டினீர்கள், எப்படி ஒட்டினீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். அதனால் பெட்டியின் படம், பில் அல்லது பணம் கட்டிய பதிவு, கடைக்காரரோடு நடந்த மெசேஜ், ஹோல்டர் ஒட்டியிருந்த இடத்தின் படம், திரை மாற்றியதற்கான பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். ஹோல்டரை எறிந்துவிடாதீர்கள். முதலில் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம், தமிழில் கதைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.