பி.ஏ. அரசியல் அறிவியல்: சேரலாமா, எப்படிப் படிப்பது?

கேள்வி: ப்ளஸ் டூவில் வணிகவியல் பிரிவு, தமிழ் வழியில் படித்தேன். அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியல் இடம் கிடைத்திருக்கிறது. "அரசியல்வாதி ஆகப் போகிறாயா?" என்கிறார் அப்பா. எனக்கு ஐ.ஏ.எஸ். எழுத ஆசை. சேரலாமா? ஆங்கிலப் புத்தகங்களை எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஐ.ஏ.எஸ்.ஸை மட்டும் நம்பிச் சேராதீர்கள். அந்தத் தேர்வை எந்தப் பட்டதாரியும் 21 வயது நிறைந்தால் எழுதலாம். இந்தப் பாடம் படித்தவருக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு, அவ்வளவுதான். முதன்மைத் தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள்கள், 500 மதிப்பெண். பொது அறிவின் இரண்டாம் தாளும் பெரும்பகுதி நம் பாடம்தான். முதன்மைத் தேர்வின் விடைகளைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் ஒரு தகுதித் தாளில் மட்டும் தேறியாக வேண்டும்.

அப்பாவிடம் மற்ற வழிகளையும் சொல்லுங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 எழுதலாம். மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். எம்.ஏ., பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், எம்.ஏ.வோடு நெட் என்னும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரிப் பணி. இதில் எதுவும் பட்டம் வாங்கிய மறுநாளே கிடைத்துவிடாது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சரி, மொழிக்கு வருவோம். என் வகுப்பில் தமிழ் வழி மாணவர்கள் முதல் மாதம் பேசவே தயங்குவார்கள். உண்மையில் சில இடங்களில் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கும். ஆங்கிலத்தில் 'ஸ்டேட்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. அரசமைப்பின் முதல் கூறில் (ஆர்ட்டிகிள்) அதற்குப் பொருள் மாநிலம். 12ஆம் கூறில் அதே சொல்லுக்குப் பொருள் அரசு. நாடாளுமன்றம், சட்டமன்றம் தொடங்கி உள்ளாட்சி வரை அதில் அடங்கும். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதால் குழப்பமே இல்லை. நாம் குழம்புவது வேறு இடத்தில்: பேச்சில் அரசையும் அரசாங்கத்தையும் ஒன்றாக்கிவிடுகிறோம். தேர்தலில் தோற்றால் அரசாங்கம் போகும், அரசு அப்படியே இருக்கும். இந்த வேறுபாடு பிடிபடாவிட்டால் முதல் பருவத்துக் கோட்பாட்டுத் தாள் கடைசிவரை பிடிபடாது. ஒரு நோட்டுப் போட்டு ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், ஒரு எடுத்துக்காட்டு என்று தினமும் ஐந்து சொல் எழுதுங்கள்.

அப்புறம், கைடு வாங்காதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தேர்ச்சி பெற அது உதவலாம், ஆனால் மூன்று வருடம் வீணாகிவிடும். மூலத்தைப் படியுங்கள். செண்பகம் துரைராஜன் வழக்கில் தொடங்குங்கள். கல்லூரி இட ஒதுக்கீட்டை எதிர்த்து வந்த நம் மண்ணின் வழக்கு. சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரியில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, ஹரிஜனர்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று ஒதுக்கீடு. இது, மதம், சாதி போன்றவற்றை மட்டும் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் இடம் மறுக்கக் கூடாது என்னும் 29(2)ஆம் கூறுக்கு எதிரானது என்று 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழகம் கொந்தளித்தது. பெரியார் போராட்டத்தில் இறங்கினார். பத்தே வாரத்தில், ஜூன் 18 அன்று, அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) சேர்ந்தது.

இந்தத் தீர்ப்பு சில பக்கங்கள்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் மெதுவாகப் படியுங்கள். பிறகு 15(4)ஐப் படியுங்கள். அடுத்து, அந்தத் திருத்தத்தின்போது நாடாளுமன்றத்தில் நேரு பேசியதைத் தேடுங்கள். கடைசியில், "நீதிமன்றம் சொன்னது சரியா?" என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்காத தரப்பின் வாதத்தை அந்தத் தரப்பினரே ஒப்புக்கொள்ளும்படி எழுத வந்துவிட்டால் இந்தப் பாடம் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அடிப்படை உரிமை, நீதித்துறை, கூட்டாட்சி, சமூக நீதி என்று நாலு தாள்களுக்கான சரக்கு இந்த ஒரு வழக்கில் இருக்கிறது.

புத்தகத்துக்குப் பெரிதாகச் செலவு வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 11, 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் நூல்கள் தமிழிலேயே இலவசம். அதே வகுப்புகளின் என்.சி.இ.ஆர்.டி. (மத்திய அரசின் பாடநூல் அமைப்பு) நூல்கள் எளிய ஆங்கிலத்தில் இருக்கும். முதலில் தமிழில் ஒரு பாடம், உடனே ஆங்கிலத்தில் அதே பொருள். முதல் ஆண்டு முடிவதற்குள் ஆங்கில பயம் பாதி குறைந்திருக்கும்.

முதுகலைக்குப் புதுச்சேரி, ஹைதராபாத், ஜே.என்.யு. போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்கள் க்யூட் நுழைவுத் தேர்வு வழியாக மாணவர்களைச் சேர்க்கின்றன. அதை இரண்டாம் ஆண்டில் யோசித்தால் போதும்.

கல்லூரி திறக்க நாள் இருக்கிறதே, அரசமைப்பின் முகப்புரையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கையால் எழுதிப் பாருங்கள். 1949இல் ஏற்றுக்கொண்ட வடிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1976இல் 42ஆம் திருத்தம் எந்தெந்தச் சொற்களைச் சேர்த்தது என்று நீங்களே கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். முதல் வகுப்புக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துப் போய் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.